குடியை நிறுத்த ஏஏ மீட்டிங்: எங்கே தேடுவது, உள்ளே என்ன நடக்கும்?

கொடிவேரி:

பல மாதமாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சின்ன ஊர். அரசுப் பள்ளி ஆசிரியர். தினமும் ராத்திரி குடிக்கிறேன். பள்ளிக்கு ஒருநாளும் போட்டுவிட்டுப் போனதில்லை என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது காலையில் கை நடுங்குகிறது. முதல் பீரியடில் கரும்பலகைப் பக்கம் போவதில்லை. பிள்ளைகளில் யாரையாவது எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

சாமி முன்னால் கயிறு கட்டிப் பார்த்தாயிற்று. மகள் தலையில் கை வைக்கச் சொல்லி மனைவி சத்தியம் வாங்கியும் பார்த்தாயிற்று. சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு சொட்டு தொடமாட்டேன். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே விட்டதையெல்லாம் சேர்த்துக் குடிப்பேன்.

ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டம் என்று ஒன்று நடக்கிறதாமே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு காசு? பெயர், ஆதார் எல்லாம் கேட்பார்களா? சர்ச்சில் நடத்துகிறார்கள் என்று ஒருவர் சொன்னார், அது வேறு யோசனையாக இருக்கிறது. எல்லாவற்றையும்விட, தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் என்ன செய்வது? எங்கள் ஊர் டாஸ்மாக் வாசலில்கூட நான் நின்றதில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குத்தான் போவேன்.

பழைய பாட்டில்:

வாங்க வாத்தியாரே. உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அடுத்த ஊர் கடைக்குப் போக வழி தெரிந்தவருக்கு அடுத்த ஊர் மீட்டிங்குக்குப் போக வழி தெரியாதா? மழையில் போயிருப்பீர்கள். பத்து மணிக்கு ஷட்டர் இறங்குவதற்குள் என்று விரட்டிக்கொண்டும் போயிருப்பீர்கள். அதே பைக், அதே பெட்ரோல்தான்.

தேடுவது சுலபம். ஏஏ இந்தியாவின் தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் ஊர்வாரியாகக் குழுக்களும் உதவி எண்களும் உண்டு. சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம் போன்ற ஊர்களில் பல குழுக்கள். உங்களுக்குக் கோவை எண்ணைக் கூப்பிட்டால் போதும், பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை என்று சொல்லிவிடுவார்கள். போனை எடுப்பவரும் குடித்து நிறுத்தியவர்தான். குழுக்கள் அடிக்கடி இடம் மாறும், நேரம் மாறும். அதனால் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாமல், கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வருவதெல்லாம் தனியார் மறுவாழ்வு மையங்கள். எடுத்ததும் 'பேஷண்ட் எங்கே இருக்கார், வண்டி அனுப்பட்டுமா?' என்று கேட்டால் அது ஏஏ இல்லை, போனை வைத்துவிடுங்கள்.

காசு கிடையாது. ஆதார் கிடையாது. வருகைப் பதிவேடு கிடையாது. பெயர்கூட நீங்கள் சொல்வதுதான் பெயர். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் வேண்டாம் என்று, ஏஏ குழுக்கள் நடப்பதற்கான பன்னிரண்டு மரபுகளில் மூன்றாவதே சொல்கிறது. விருப்பம் வந்துவிட்டதால்தானே இங்கே எழுதுகிறீர்கள்.

மாத்திரை அட்டை:

அரசு மருத்துவமனையில் செவிலியர். மீட்டிங் பேச்சுக்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். சார், காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளையிலிருந்து தொடமாட்டேன் என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்.

தினமும் குடித்த உடம்பு திடீரென்று நின்றால் சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆளை அடையாளம் தெரியாது, எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். இதில் உயிர் போகும். எங்கள் வார்டுக்கு இப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் 'பேய் பிடித்துவிட்டது' என்று மந்திரித்துவிட்டு வந்திருப்பார்கள். 2020 ஊரடங்கில் கடைகள் மூடியபோது இதை வரிசையாகப் பார்த்தோம்.

மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாவற்றிலும் மனநலப் பிரிவு ஓபி உண்டு. 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் பல அரசு மருத்துவமனைகளில் இப்போது இருக்கின்றன. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். எல்லோரும் பாதிதான் சொல்வார்கள், மாத்திரை அளவு அதை வைத்துத்தான் முடிவாகும். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுவார்கள், நடுக்கம் அடங்க மாத்திரை கொடுத்துச் சில நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். அந்த மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதுவே வேறொரு பழக்கமாகிவிடும்.

உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14446, மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். மனநல உதவிக்கு 14416. இரண்டும் இலவசம்.

நெஞ்சுரம்:

எல்லாம் மனசுதான் சார். என் சித்தப்பா ஒரே நாளில் விட்டார், இன்றுவரை தொடவில்லை. கூட்டம் போட்டுக் கதை பேசினால் குடி நிற்குமா? நாலு குடிகாரர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் ஐந்தாவது பாட்டில் எங்கே என்றுதான் தேடுவார்கள்.

பழைய பாட்டில்:

சித்தப்பாவுக்கு வாழ்த்துகள். அவர் மருந்து அவருக்கு வேலை செய்தது. மன உறுதி எங்களுக்கும் உண்டு தம்பி. பண்டிகை நாளில் கடை மூடியிருக்கும்போது எங்கிருந்தாவது ஒரு குவார்ட்டர் வாங்கிக்கொண்டு வருவதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் தெரியுமா?

வாத்தியார் உள்ளே என்ன நடக்கும் என்று கேட்டார். சொல்கிறேன்.

நான் போகும் குழு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், சாயங்காலம் ஏழு மணிக்குக் கூடும். அந்த நேரம் சும்மா வைத்ததில்லை, கை அரிக்கிற நேரமே அதுதான். பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். சுவரில், குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகளும் அந்தப் பன்னிரண்டு மரபுகளும் அச்சிட்ட துணியைக் கயிறு போட்டுத் தொங்கவிடுவோம், முடிந்ததும் சுருட்டி ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். தொடக்கத்தில் சிறிது நேரம் மௌனம், பிறகு மன அமைதிக்கான பிரார்த்தனை. மாற்ற முடியாததை ஏற்க அமைதி, மாற்றக்கூடியதை மாற்றத் துணிவு, இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய அறிவு. அவ்வளவுதான் பிரார்த்தனை. ஏஏ புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிப்பார்கள். அப்புறம் ஷேரிங்.

ஒருவர் எழுந்து, 'என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி' என்பார். எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். குடியால் என்ன ஆனது, எப்படி நின்றது, இந்த வாரம் எப்படிப் போனது என்று தன் கதையைச் சொல்வார். குறுக்கே யாரும் பேசமாட்டார்கள். அறிவுரை, தீர்ப்பு எதுவும் கிடையாது. ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் தன் கதையைத்தான் சொல்ல வேண்டும், முந்தையவரை விமர்சிக்கக் கூடாது. நம் ஊர் ஆட்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமான விதி. புதிதாக வந்தவர் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை, 'இன்று கேட்க மட்டும் வந்தேன்' என்றால் போதும். சிரிப்பும் நிறைய இருக்கும். போதையில் வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டி 'யார்டா நீ, என் வீட்டில் என்ன பண்றே?' என்று சண்டை போட்ட கதையை அதே ஆள் சொல்லும்போது சிரிக்காமல் இருக்க முடியாது.

கடைசியில் ஒரு பை சுற்றி வரும். ஹால் வாடகைக்கும் டீக்கும் முடிந்ததைப் போடலாம், புதியவர் போட வேண்டியதில்லை. வெளியிலிருந்து யார் நன்கொடை கொடுத்தாலும் ஏஏ வாங்காது. ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

உண்மையான வேலை அதற்கப்புறம் வாசலில் டீ குடிக்கும்போதுதான் நடக்கும். ரொம்ப நாளாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவர் உங்கள் போனில் அவர் எண்ணைப் போட்டுக்கொடுத்து, 'முதல் பெக்கை எடுப்பதற்கு முன்னால் கூப்பிடு, எடுத்த பிறகு கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை' என்பார். பின்னாளில் அவரே உங்கள் ஸ்பான்சராக, அதாவது குடிக்காமல் இருக்கக் கூடவே இருந்து வழிகாட்டுபவராக, ஆகலாம். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் எது வந்தாலும் உஷார் என்று முதல் நாளே சொல்லித் தருவார்கள். எனக்குப் பசிதான் எமன். சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு இட்லி சாப்பிட்டுவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது.

சர்ச் விஷயம்: சில குழுக்கள் சர்ச் வளாகத்தில் கூடுவது உண்மை. குறைந்த வாடகைக்கு, மாலையில், முகம் சுளிக்காமல் இடம் கொடுக்கிறார்கள், அதுதான் காரணம். எந்த மதத்தோடும் கட்சியோடும் ஏஏவுக்குச் சம்பந்தமில்லை. எங்கள் குழுவில் நெற்றி நிறைய விபூதியும் உண்டு, தொப்பியும் உண்டு.

கறுப்புச்சட்டை:

மதம் இல்லை, சரி. கடவுள் இருக்கிறாரே? பன்னிரண்டு படிகளில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஈரோட்டுக்காரன், தாத்தா காலத்திலிருந்து சுயமரியாதைக் குடும்பம். முதல் மீட்டிங்கில் பிரார்த்தனை என்றதும் எழுந்து வந்துவிடலாமா என்று இருந்தது. வாசலில் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டு, 'உன்னைவிடப் பெரிய சக்தி என்றுதான் போட்டிருக்கிறது, சாமி என்று எவன் சொன்னான்? நீ தனியாக நிறுத்திப் பார்த்தாய், முடியவில்லை. உள்ளே இத்தனை பேர் நிறுத்தியிருக்கிறான், அவனெல்லாம் சேர்ந்தால் உன்னைவிடப் பெரியதா இல்லையா?' என்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பிரார்த்தனை நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், இதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

ஆனால் சில குழுக்களில் பக்தி வாடை தூக்கலாக இருக்கும், அதையும் மறைக்கக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் வேறு குழுவுக்குப் போங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் ஸ்மார்ட் ரிகவரி என்று ஒன்று இருக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் தொடங்கியது, கடவுள் பேச்சே கிடையாது, எண்ணங்களையும் பழக்கங்களையும் கையாளப் பயிற்சி கொடுப்பார்கள். ஆன்லைனில் கிடைக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

வைகைக்காரி:

குடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவரின் மனைவி. இந்த இழையில் கேட்கலாமா தெரியவில்லை. அவர் எந்த மீட்டிங்குக்கும் வரமாட்டார். 'எனக்கென்ன வியாதியா' என்கிறார். பஸ் ஸ்டாண்டு சுவரில் 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கூப்பிட்டேன். பவுடர் கூரியரில் வந்திருக்கிறது. சாம்பாரில் கலந்தால் நிறமும் வராது, வாசமும் வராதாம். அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை.

மாத்திரை அட்டை:

அக்கா, கொடுக்காதீங்க. ப்ளீஸ்.

அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இப்படி விற்கிறவற்றில் டைசல்ஃபிராம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அது உண்மையான மருந்துதான், மனநல மருத்துவர்களே எழுதிக்கொடுப்பார்கள். ஆனால் நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, ஈரலையும் இதயத்தையும் பரிசோதித்துவிட்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இதயம் படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். உயிரே போகலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து இருக்கும். தெரிந்து சாப்பிடுகிறவர் பயந்து குடிக்கமாட்டார், அதுதான் அந்த மருந்தின் வேலையே. தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போலப் போய்க் குடிப்பார். எங்கள் அவசரப் பிரிவுக்கு அப்படி ஒருவர் வந்தார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பொட்டலத்தைத் தூக்கிப் போடுங்கள்.

பழைய பாட்டில்:

தங்கச்சி, தாராளமாகக் கேட்கலாம். அவர் வராவிட்டாலும் நீங்கள் போக ஒரு இடம் இருக்கிறது. அல்-அனான் என்று பெயர். 1951-ல் ஏஏவைத் தொடங்கியவர்களில் ஒருவரின் மனைவியும் இன்னொரு உறுப்பினரின் மனைவியும் சேர்ந்து அமைத்தது. குடிக்கிறவரின் மனைவி, அம்மா, பிள்ளைகள் கூடிப் பேசுவார்கள். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று தனியாக உண்டு. அவரை எப்படித் திருத்துவது என்று அங்கே சொல்லித் தரமாட்டார்கள், அந்த எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றமாக இருக்கும். அவர் குடிக்கு நீங்கள் காரணமில்லை, அதை உங்களால் கட்டுப்படுத்தவும் முடியாது, நீங்கள் எப்படித் தூங்குவது, சாப்பிடுவது, பிள்ளையைப் பார்ப்பது என்பதுதான் பேச்சு. என் வீட்டுக்காரி எனக்கு முன்னாலேயே போகத் தொடங்கிவிட்டாள். நான் குடித்துவிட்டு வந்து கத்தினால் பதிலுக்குக் கத்துவதை நிறுத்தினாள், அலுவலகத்துக்கு 'அவருக்குக் காய்ச்சல்' என்று பொய் சொல்வதையும் நிறுத்தினாள். அந்த இரண்டாவதுதான் என்னை உலுக்கியது.

வைகைக்காரி:

நன்றி அண்ணா. பொட்டலத்தைக் கொட்டிவிட்டேன்.

தாமிரபரணி73:

தனியார் மையம் பற்றிப் பேச்சு வந்ததால். என் தம்பியை இரண்டு வருடம் முன்பு ஒரு மையத்தில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். விடியற்காலை வண்டியில் நாலு பேர் வந்து தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் பார்க்கவிடவில்லை. மனநல மருத்துவர் என்று ஒருவரை நாங்கள் பார்க்கவே இல்லை. வெளியே வந்த அன்றே குடித்தான், எங்களோடு பேச்சும் நின்றுவிட்டது.

பிறகு ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரியும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடியால் வரும் மனநலப் பிரச்சினைகளும் அடங்கும். மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சம்மதிக்க முடியாத நிலையில் இருப்பவரை உறவினர் கேட்டுச் சேர்ப்பதற்கும் மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். சங்கிலியில் கட்டுவது சட்டப்படி குற்றம். சேர்ப்பதற்கு முன்னால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல இடங்களும் இருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை பல ஆயிரம் குடும்பங்களுக்குத் தெரிந்த பெயர்.

நெஞ்சுரம்:

சரி, நான் கிண்டலாக எழுதியதை விடுங்கள். நிஜமாகவே கேட்கிறேன். ஏஏவால் குணமாகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா, இல்லை குணமானவர்கள் மட்டும் வந்து பேசுவதால் அப்படித் தெரிகிறதா?

மாத்திரை அட்டை:

நல்ல கேள்வி. 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் தகவல்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. முறையாகத் திட்டமிட்டு ஒருவரை ஏஏவுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்தது. குடிக்கும் அளவு குறைவது போன்ற மற்றவற்றில் ஏறக்குறைய சமம். ஆய்வுகள் பெரும்பாலும் மேலை நாட்டில் நடந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே பிரச்சினை அதற்கு முந்தைய படி. 2019-ல் எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின்படி குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார்.

ஏஏ நண்பர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. சில பெரியவர்கள் 'மாத்திரை போட்டால் அது சோபர் (போதையில்லாத நிலை) இல்லை' என்று புதியவர்களிடம் சொல்லி, வலிப்பு மாத்திரையையும் மன அழுத்த மாத்திரையையும் நிறுத்த வைத்துவிடுகிறார்கள்.

பழைய பாட்டில்:

ஒத்துக்கொள்கிறேன். ஏஏ உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று எங்கள் வெளியீடுகளிலேயே இருக்கிறது. அப்படிச் சொல்கிறவரிடம் டீ மட்டும் வாங்கிக் குடியுங்கள்.

மழைக்கால மேகம்:

பெண். ஐடி. நானும் குடிநோயாளிதான். முதல் மீட்டிங்கில் அறை முழுக்க ஆண்கள், ஒருவர் என்னைப் பார்த்து 'அல்-அனான் பக்கத்து ரூம்மா' என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் மறுபடி போக மனமில்லை. இப்போது பெண்களுக்கான ஆன்லைன் மீட்டிங்கில் இருக்கிறேன். படிக்கிற பெண்கள் இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள், உதவி எண்ணில் கேட்டால் பெண் உறுப்பினரோடு பேச வைப்பார்கள்.

கொடிவேரி:

எல்லோருக்கும் நன்றி. அரசு மருத்துவமனை ஓபியில் காட்டினேன். அளவைக் குறைக்காமல் சொன்னேன், டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார், அதுவே பெரிய நிம்மதி. சேர்த்துக்கொண்டு நடுக்கம் அடங்கியதும் அனுப்பினார்கள். பள்ளிக்கு மருத்துவ விடுப்பு.

நேற்று ஈரோட்டில் மீட்டிங். வாசல் வரை போய்விட்டு, பைக்கை நிறுத்தாமல் தெருவைச் சுற்றி வந்தேன். திரும்பி வரும்போது வாசலில் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவர், 'சுத்தினது போதும் சார், உள்ளே வாங்க. நாங்களும் சுத்தினவங்கதான்' என்றார்.

தெரிந்த முகம் இருந்தது. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன், இப்போது லேத் பட்டறை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான், பழக்க தோஷம். ஷேரிங்கில் அவன் தன் கதையைச் சொன்னான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் எதுவும் பேசவில்லை. முடிந்ததும் அவனே வந்து, 'சார், வியாழக்கிழமையும் இருக்கு, நான் கோபி வழியாத்தான் வருவேன், ஏத்திக்கிறேன்' என்றான். பிரார்த்தனை எனக்கு இன்னும் ஒட்டவில்லை. கறுப்புச்சட்டை சொன்ன மாதிரி நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை போகிறேன்.

கறுப்புச்சட்டை:

அட, ஈரோடா? அப்படியானால் வியாழக்கிழமை பார்ப்போம். வாயை மூடிக்கொண்டு நிற்கிற இன்னொரு ஆள் யாரென்று தேடுங்கள்.

பாலைவன ஒட்டகம்:

ஷார்ஜாவில் இருக்கிறேன். ஒரே ரூமில் ஆறு பேர், எல்லோரும் குடிப்பார்கள். இங்கே வெளியே போய்த் தேட பயமாக இருக்கிறது, வேலை போனால் ஊருக்குத்தான். எனக்குத் தமிழில் ஏதாவது வழி உண்டா?

பழைய பாட்டில்:

உண்டு தம்பி. ஊரடங்கு நேரத்தில் தொடங்கிய தமிழ் ஜூம் மீட்டிங்குகள் இன்னும் நடக்கின்றன, உங்களைப் போல வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் உண்டு. இந்திய நேரம் ராத்திரி எட்டு என்றால் உங்களுக்கு ஆறரை. கேமரா வேண்டாம், பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள், ரூமில் இடமில்லையென்றால் மொட்டை மாடியில் ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். இணைப்பைத் தனிமடலில் அனுப்புகிறேன். நுழைந்ததும் மைக்கை அணைத்துவிடுங்கள். போன வாரம் ஒருத்தர் வீட்டு மிக்ஸி சத்தத்தில் பாதி ஷேரிங் தேங்காய்ச் சட்னியோடு போய்விட்டது.